கீழே மூன்று, மேலே ஐந்து: தேன்பாறையைத் தேடிக் கல்வராயன் மலைக்கு

இரண்டு மாதத்துக்கு முன்னால் ஒரு வாசகி எழுதியிருந்தார். அவரும் தோழிகளுமாக நாலு பேர், முதல் தடவையாகக் கதை விளையாட்டு ஆடப் போகிறார்களாம். பெரிய கம்பெனிகள் போடும் தடிப் புத்தகமெல்லாம் வேண்டாம், தனியாட்கள் சொந்தமாக எழுதி அச்சடித்த சாகசங்களில் எது நல்லது என்று கேட்டிருந்தார். அந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் போன மாதம் ஒரு சனிக்கிழமை நான் கல்வராயன் மலை ஏற வேண்டியதாயிற்று.

இந்த விளையாட்டு தெரியாதவர்களுக்கு இரண்டே வரி. ஒருவர் கதையை நடத்துவார், மற்றவர்கள் அதில் வீரனாக, மந்திரக்காரியாக, திருடனாக மாறி "நான் இதைச் செய்கிறேன்" என்பார்கள், செய்தது பலித்ததா என்று பகடை சொல்லும். சாகசப் புத்தகம் என்பது அந்தக் கதைக்கான ஊர், ஆட்கள், ஆபத்துகள், வரைபடம் எல்லாம் சேர்ந்த ஒரு கட்டு.

வாசகிக்கு மூன்று புத்தகம் சொல்லலாம் என்று உட்கார்ந்தேன். முதல் இரண்டும் சட்டென்று வந்துவிட்டன. 'வற்றிய ஏரி', விழுப்புரத்துக்காரர் ஒருவர் எழுதியது, பதினாறு பக்க ஜெராக்ஸ், ஒரே மத்தியானத்தில் ஆடி முடிக்கலாம், புதியவர்களுக்குக் கச்சிதம். 'உப்பு வண்டி', கடலூர் நர்ஸ் ஒருவர் எழுதியது, நாற்பது பக்கம், சண்டை கம்மி, பேச்சு ஜாஸ்தி. மூன்றாவதுதான் சிக்கல். என் மனசில் இருந்தது 'தேன்பாறை மாடுகள்'. எழுதியவன் என் நண்பன் குமரவேல். அந்தப் புத்தகத்தை மூன்று வருடத்துக்கு முன் இதே வலைப்பதிவில் நார்நாராகக் கிழித்துப் போட்டவன் நான்.

குமரவேல் மலைக்காரன். கள்ளக்குறிச்சியில் படித்த காலத்தில் விடுதியில் ஒரே அறை. சீனியர் ஒருவர் சென்னையிலிருந்து விதிகளை ஜெராக்ஸ் எடுத்து வந்து போட்டுவிட்டுப் போக, நாங்கள் நாலு பேர் அதைப் பிடித்துக்கொண்டோம். இருபது முகப் பகடைக்கு எங்கே போவது? ஒன்றிலிருந்து இருபதுவரை சீட்டு எழுதி, மடித்து, சில்வர் டம்ளரில் போட்டுக் குலுக்கினோம். வார்டன் சூதாட்டம் என்று நினைத்து ஒருநாள் டம்ளரைப் பறிமுதல் செய்தார். குமரவேல் அவரையே உட்கார வைத்துக் கதை சொல்ல ஆரம்பித்தான். அரை மணி நேரத்தில் வார்டன், "அந்தக் கதவைத் தொறக்காதடா" என்று எங்களுக்கு யோசனை சொல்லிக்கொண்டிருந்தார். அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்கள் மாதிரி எனக்கு அப்புறம் எதுவும் அமையவில்லை. சம்பளம் வந்தது, வீடு வந்தது, அது மட்டும் வரவில்லை.

நான் அப்போதே அளவுப் பைத்தியம். எங்கள் முதல் ஆட்டத்தில் ஒரு பாழுங்கிணறு வந்தது. குமரவேல் கதை நடத்த, மற்ற இரண்டு பேரும் ஓடிப்போக, நான் மட்டும் கயிறு விட்டு ஆழம் பார்க்கிறேன் என்றேன். கீழே இருந்து எதுவோ கயிற்றைப் பிடித்து இழுத்தது. என் வீரன் செத்த கதை அதுதான். நான் சென்னை போய்க் கட்டடங்களுக்கு எஸ்டிமேட் போடுகிறவன் ஆனேன், டேப்பும் கையுமாகவே பிழைப்பு ஓடுகிறது. அவன் மலைக்குத் திரும்பி ஜீப் ஓட்டினான், ஓட்டிக்கொண்டே எழுதினான்.

'தேன்பாறை மாடுகள்' அவன் கைக்காசில் கள்ளக்குறிச்சியில் கல்யாணப் பத்திரிகை அடிக்கும் அச்சகத்தில் போட்ட நூறு பிரதி. இருபத்தெட்டுப் பக்கம். மிச்சமிருந்த கல்யாண அட்டை என்பதால் மேலே தங்கக் கரையும் குத்துவிளக்கும் இருக்கும், பிரித்தால் மாடு திருடும் பூதம் இருக்கும். ஒரு மலை ஊரில் மாடுகள் காணாமல் போகின்றன, அதைத் தேடிப் போகிற கதை. படித்துவிட்டு நான் எழுதிய விமர்சனத்தின் முக்கியமான வரிகளை அப்படியே தருகிறேன், மறைப்பதற்கு ஒன்றுமில்லை. "வரைபடத்தில் அடிவாரத்திலிருந்து தேன்பாறைக்குப் போக ஐந்து, அதே பாதையில் திரும்பி வர மூன்று என்று போட்டிருக்கிறது. என்ன அளவு என்றும் இல்லை. தூரம் தெரியாதவர் படம் போடக் கூடாது. தவிர, இந்தக் கதையில் நடக்கும்போது எதுவும் நடப்பதில்லை, சும்மா உட்கார்ந்திருக்கும்போதுதான் எல்லாம் நடக்கிறது."

நிறையப் பேர் சிரித்தார்கள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. குமரவேல் ஒரு வார்த்தை எழுதவில்லை, போனும் நின்றுபோனது. இப்போது வாசகிக்காக ஒரு பிரதி கேட்டு மெசேஜ் போட்டேன். பதில் மறுநாள் வந்தது: "பிரதி உள்ளது. நேரில் வந்து பெற்றுக்கொள்ளவும். அடுத்த புத்தகம் திங்கட்கிழமை அச்சுக்குப் போகிறது." விடுதியில் என்னை வாய்க்கு வாய் 'டா' போட்டவன். பத்திரப்பதிவு ஆபீஸ் கடிதம் மாதிரி ஒரு பதில்.

சரி, பயணம். கிளாம்பாக்கத்தில் காலை 5.40க்கு பஸ். டிக்கெட் 240 ரூபாய். விழுப்புரம், உளுந்தூர்பேட்டை வழியாகச் சுமார் 225 கிலோமீட்டர். 10.25க்குக் கள்ளக்குறிச்சி. நாங்கள் படித்தபோது விடுதிக்கு எதிரே இருந்த டீக்கடை இப்போது செல்போன் கடை. உள்ளே போய் ஒரு சார்ஜர் ஒயர் வாங்கினேன், தேவையில்லாமல். அந்த இடத்தில் கொஞ்ச நேரம் நிற்க ஒரு சாக்கு வேண்டியிருந்தது.

வெள்ளிமலை பஸ் 11.15க்கு. 35 ரூபாய். வலது பக்க ஜன்னல் சீட் பிடித்தேன், நீங்களும் பிடியுங்கள். வடக்கனந்தல் வரை கரும்பும் நெல்லும் மரவள்ளியும்தான். அப்புறம் மலை ஆரம்பம். வளைவுகளில் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே ஏறுகிறது, வாந்தி வருகிறவர்கள் காலையில் இட்லியோடு நிறுத்திக்கொள்வது நல்லது. மொத்தம் நாற்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கம்மி. 1.05க்கு வெள்ளிமலை. அங்கிருந்து குமரவேல் ஊர்ப் பக்கம் போகும் ஜீப் 1.30க்குக் கிளம்பியது. தலைக்கு ஐம்பது ரூபாய். ஒன்பது கிலோமீட்டரில் ரோடு முடிந்துவிடுகிறது. மேலே ஒற்றையடிப் பாதை. ஊர்ப் பேரைப் போட வேண்டாம் என்று குமரவேல் சொல்லியிருப்பதால் போடவில்லை.

ஜீப்பில் என்னோடு இறங்கியவர் பூங்காவனம் என்ற பெண், நாற்பது வயதிருக்கும். வெள்ளிமலையில் அரிசி வாங்கிக்கொண்டு ஊருக்குத் திரும்புகிறார். ஒரு பெரிய மூட்டை, ஒரு சின்ன மூட்டை. குமரவேல் வீட்டுக்கு வழி கேட்டேன். அவர் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளித்தானாம், கூடவே வரச் சொன்னார். வழக்கம்போல என் வாயில் அடுத்த கேள்வி வந்தது.

"எவ்ளோ தூரம்ங்க?"

"மேல போவ அஞ்சு சுமை. கீழ வரப்போ மூணுதான்."

நான் அப்படியே நின்றுவிட்டேன். போக ஐந்து, வர மூன்று. என்ன சுமை என்று கேட்டேன். சென்னையில் இருந்து வந்தவனுக்கு இதுகூடத் தெரியாதா என்பது போலப் பார்த்துவிட்டு அவர் பொறுமையாகச் சொன்னார். தலைச்சுமையோடு போகும்போது எத்தனை இடத்தில் இறக்கி வைத்து மூச்சு வாங்குகிறோமோ அதுதான் தூரம். ஏறும்போது ஐந்து இடம், இறங்கும்போது அதில் இரண்டைத் தாண்டி வந்துவிடலாம். அவ்வளவுதான். மூன்று வருடமாக நான் பிழை என்று நினைத்துக்கொண்டிருந்தது இதைத்தான்.

வெட்கத்தில் ஒரு மூட்டையைக் கொடுங்கள் என்றேன். அவர் சிரித்துக்கொண்டே சின்ன மூட்டையை என் தலையில் ஏற்றினார். பத்துக் கிலோ. பெரியது இருபத்தைந்து, அது அவர் தலையில்.

நடக்கும்போது அவர் பேசவில்லை. நானும் பேசவில்லை, எங்கே பேசுவது? கழுத்தைத் திருப்ப முடியாது, பக்கத்தில் யானை நின்றால்கூடத் தெரியாது. முதல் இடம் ஒரு புளியமரத்தடியில் மார்பளவு உயரப் பாறை. அந்த உயரம் முக்கியம். அந்த உயரத்தில் இறக்கி வைத்தால்தான் யாருடைய உதவியும் இல்லாமல் மறுபடி தலைக்கு ஏற்ற முடியும். மூட்டையை வைத்ததும் அவருக்குப் பேச்சு திறந்தது. மகள் படிப்பு, சாமை விலை, போன வாரம் காட்டுப்பன்றி செய்த அழிச்சாட்டியம். எதிரே ஒருவர் வந்து சேர்ந்துகொண்டார், அவர் ஒரு செய்தி சொன்னார். மூட்டை தலைக்கு ஏறியதும் எல்லோரும் கப்சிப்.

இரண்டாவது இடத்தில் பாறை நடுவே குழிந்து சட்டி மாதிரி இருந்தது. "இது சட்டிப்பாறை" என்றார். எனக்கு அந்தப் பெயர் தெரியும். 'தேன்பாறை மாடுகள்' ஒன்பதாம் பக்கம். சட்டிப்பாறையில் உட்கார்ந்தால் ஒரு குருட்டு நாய் வந்து உப்பு கேட்கும், கொடுத்தால் மாடு போன வழியைச் சொல்லும். நடக்கும்போது எதுவும் நடப்பதில்லையாம், உட்காரும்போதுதான் நடக்கிறதாம், எவ்வளவு எகத்தாளமாக எழுதினேன். இந்தப் பாதையில் உலகமே அப்படித்தான் நடக்கிறது. அவன் எதையும் விடவில்லை. என்ன அளவு என்று போடாததற்குக் காரணம், வேறொரு அளவு இருக்கும் என்றே அவனுக்குத் தோன்றாததுதான்.

பூங்காவனம் ஐந்தே இடத்தில் இறக்கினார். எனக்கு இரண்டு இடம் கூடப் போயிற்று. அந்த இரண்டிலும் பாறை இல்லை, நான் மூட்டையைத் தரையில் வைத்துவிட்டேன், மறுபடி தூக்க முடியவில்லை. இரண்டு தடவையும் அவர் முன்னால் போய் அடுத்த பாறையில் தன் மூட்டையை வைத்துவிட்டு இறங்கி வந்து எனக்கு ஏற்றிவிட்டார். ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. போன் கணக்கில் மொத்தமே 2.4 கிலோமீட்டர். எனக்கு ஒரு மணி இருபது நிமிடம்.

குமரவேல் வாசலில், ரோட்டில் நிற்கும் ஜீப்பிலிருந்து கழற்றித் தூக்கி வந்த டியூபுக்குப் பஞ்சர் பட்டி வைத்துக்கொண்டிருந்தான். தலை நரைத்திருந்தது. "வாங்க. பஸ்ஸுல கூட்டமா?" என்றான். அந்த 'வாங்க' எனக்குச் சுருக்கென்று குத்தியது. அவன் மனைவி செல்விதான், "வாங்கண்ணா, மொதல்ல தண்ணி குடிங்க, மூஞ்சி செவந்துபோச்சு" என்று உள்ளே கூட்டிப்போனார். சாமைச் சோறு, கொள்ளு ரசம், கத்தரிக்காய்ப் பொரியல். மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டேன். குமரவேல் மரியாதையாகப் பரிமாறினான். கேட்ட பிரதியை ஒரு கவரில் போட்டு வைத்திருந்தான். விலை எண்பது ரூபாய் என்று அட்டையிலேயே இருந்தது, காசை வாங்க மறுக்கவில்லை. முன்பென்றால் அடித்திருப்பான்.

புதிய புத்தகத்தைப் பார்க்கலாமா என்று கேட்டேன். உள்ளே போய் அச்சகப் புரூஃபைக் கொண்டுவந்து வைத்தான். 'சுனைக் காவல்'. முதல் பக்கத்தில் வரைபடம். 1.2 கி.மீ., 0.8 கி.மீ., 3.1 கி.மீ. எல்லாம் சுத்தமான எண்கள். மலை ஊர் ஒன்றின் சுனை ஒவ்வொரு நாளும் இடம் மாறுகிறது, குடத்தோடு அதைத் தேடிப் போகிறார்கள். பிரமாதமான யோசனை. ஆனால் உள்ளே உயிரே இல்லை. ஒவ்வொரு கிலோமீட்டர் முடிவிலும் ஏதோ ஒன்று வருகிறது, மைல்கல் நட்ட மாதிரி. ஒரு பாறைக்கும் பெயரில்லை. யாரும் எங்கும் உட்காரவில்லை.

"இதெல்லாம் யாருப்பா அளந்தது?"

"நான்தான். ஜீப் மீட்டர் வெச்சு கொஞ்சம், போன் வெச்சு கொஞ்சம். நாலு மாசம் ஆச்சு." பஞ்சர் பசை பட்ட விரலைத் துண்டில் துடைத்துக்கொண்டே சொன்னான். "நீங்க அளவு தெரிஞ்சவரு. நீங்க சொன்னா சரியாத்தான இருக்கும்? கீழ படிக்கிறவங்க எல்லாம் உங்கள மாதிரிதான இருப்பாங்க."

கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை. உண்மையாகவே நம்பிச் சொன்னான். ஒருவன் ஒழுங்காகச் செய்த வேலையை நான் தப்பு என்று சொல்லி, அவனும் அதை நம்பி, நாலு மாதம் உட்கார்ந்து அதைத் தப்பாக மாற்றி வைத்திருக்கிறான். திங்கட்கிழமை அது நூறு பிரதியாகிவிடும். 

நான் மன்னிப்பு என்ற வார்த்தையைத் தேடி எடுப்பதற்குள் செல்வி முந்திக்கொண்டார். "பூங்காவனம் அக்கா சொல்லுச்சு, அண்ணன் ஏழு எடத்துல எறக்கினாராம்."

குமரவேல் நிமிர்ந்து பார்த்தான். "இன்னாது, சுமையோடவா வந்த?"

வந்த. 'வந்தீங்க' இல்லை. நான் அதைக் கவனித்ததைக் காட்டிக்கொள்ளாமல் எல்லாவற்றையும் சொன்னேன். சட்டிப்பாறையில் உட்கார்ந்தது, தரையில் வைத்துவிட்டு முழித்தது, விமர்சனத்தில் எழுதிய ஒவ்வொரு வரியும் தப்பென்று வழியிலேயே புரிந்தது. "படம் தப்பில்லடா, அதைப் படிக்க எனக்குத் தெரியல. இதை இப்படியே அச்சுக்குக் கொடுக்காத. உன் கால்ல விழுறேன்" என்றேன். அவன் புரூஃபை முதல் பக்கத்திலிருந்து மறுபடி புரட்டினான். பிறகு, அச்சகத்தில் எழுத்துக் கோத்தாகிவிட்டது, மறுபடி மாற்றினால் சத்தம் போடுவார்கள் என்றான். நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். போட்ட எஸ்டிமேட்டைக் கடைசி நிமிடத்தில் மாற்றித் திட்டு வாங்குவதுதானே என் தொழில்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. காலை எட்டு மணிக்கு உட்கார்ந்தோம். பென்சில், ரப்பர், செல்வியின் சில்வர் டம்ளரில் இருபது சீட்டு. அவன் நடத்த, செல்வியும் நானும் பூங்காவனமும் ஆடினோம். ஒவ்வொரு வழி வரும்போதும் கிலோமீட்டரை அழித்துவிட்டு, எத்தனை சுமை என்று கேட்டு எழுதினேன். சில வழிகளுக்கு அவனுக்கே சந்தேகம் வந்தது, பூங்காவனம் கண்ணை மூடி விரல் விட்டு எண்ணிச் சொன்னார். பாறைகளுக்குப் பெயர் திரும்பி வந்தது. பெயர் வந்ததும் அங்கே யார் உட்கார்ந்திருப்பார்கள் என்று அவனுக்குத் தானாகவே தெரிந்தது. அவன் குரல் மாறிய இடம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. விடுதி அறையில் வார்டனை உட்கார வைத்த அதே குரல்.

பதினொன்றரைக்குச் சுனை ஒரு கிணற்றுக்குள் போய் ஒளிந்துகொண்டது. கயிறு விட்டு ஆழம் பார்க்கட்டுமா என்று கேட்டேன். "பாரு, பாரு. இருபது வருசமா அது உனக்காகத்தான் காத்துக்கினு கீது" என்றான். பெரிய எண் வந்தால்தான் பிழைப்பேன், சீட்டு எடுத்தேன். மூன்று. மறுபடி செத்தேன். குமரவேல் விழுந்து விழுந்து சிரித்தான், எனக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்தது, அதில் பாதி சிரிப்பு இல்லை.

இனி உபயோகமான விஷயம். மலைக்குப் போகிறவர்கள் வெள்ளிமலையில் இருந்து கள்ளக்குறிச்சிக்குக் கடைசி பஸ் எப்போது என்று இறங்கியதுமே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள், நேரம் மாறுகிறது. போன் சிக்னல் வெள்ளிமலையோடு சரி. என் மொத்தச் செலவு, இரண்டு வழியும் சேர்த்து, சாப்பாடு எல்லாம் போக 900 ரூபாய்க்குள். நேரமிருந்தால் திரும்பும்போது ரிஷிவந்தியம் அர்த்தநாரீசுவரர் கோயிலைப் பாருங்கள், எனக்கு நேரமில்லை, அச்சகத்துக்குப் போக வேண்டியிருந்தது.

சாகசப் புத்தகம் தேடுகிறவர்களுக்கு: தனியாட்கள் போடும் புத்தகத்தில் பக்க எண் தாறுமாறாக இருக்கும், அட்டையில் குத்துவிளக்கு இருக்கும், அதெல்லாம் கணக்கில்லை. எழுதியவருக்கு நன்றாகத் தெரிந்த ஓர் இடம் உள்ளே இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். புரியாத ஓர் எண் வந்தால் பிழை என்று எழுதுவதற்கு முன் ஒரு போன் போட்டுக் கேளுங்கள். பெரும்பாலும் பின் அட்டையிலேயே எழுதியவரின் நம்பர் இருக்கும். எனக்கோ அந்த நம்பர் மனப்பாடம், நான் கேட்கவில்லை.

வாசகிக்கு என் பதில்: முதலில் 'வற்றிய ஏரி' ஆடுங்கள், பிறகு 'உப்பு வண்டி', கை பழகியதும் 'தேன்பாறை மாடுகள்'. ஆடுவதற்கு முன் ஆளுக்கொரு பை அரிசியைத் தலையில் வைத்து வீட்டைச் சுற்றி வந்துவிட்டு உட்காருங்கள், படம் தானே புரியும். என் பழைய விமர்சனத்தை நீக்கவில்லை. அதன் மேலேயே இந்தப் பதிவின் இணைப்பைப் போட்டிருக்கிறேன். நான் எவ்வளவு தப்பாகப் படித்தேன் என்பதும் இருக்கட்டும்.

'சுனைக் காவல்' நேற்று பஸ் பார்சலில் வந்தது. முப்பத்திரண்டு பக்கம், அட்டையில் இந்தத் தடவை வாழைமரம். கவர் மேல் என் பெயருக்குப் பின்னால் 'அவர்கள்' இல்லை. முதலில் வரைபடத்தைத்தான் பிரித்தேன். ரோடு முடியும் இடத்திலிருந்து ஊருக்குப் போகும் பாதை, நான் நடந்த அதே பாதை. நான் பென்சிலில் எழுதியது இரண்டே எண்தான், கீழே 3, மேலே 5. அச்சில் மூன்று எண் இருந்தது. ஐந்துக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் 7. பாறை இல்லாத அந்த இரண்டு இடத்திலும் சின்னதாகப் புள்ளி வைத்து, 'டேப்புக்காரன் உட்கார்ந்த இடம்' என்று பெயர் போட்டிருந்தான். அங்கே உட்கார்ந்தால் என்ன நடக்கும் என்று பக்கம் பதினேழில் இருக்கிறது. கீழே வைத்த சுமையை உங்களால் தூக்க முடியாது. முன்னால் போனவர் திரும்பி வருவார்.